கத்தரித்து ஒட்டப்பட்ட சிறுவன்: எஸ்ரா ஜாக் கீட்ஸை முன்வைத்துச் சில கேள்விகள்

1

குழந்தைகளுக்கான படப் புத்தகங்களை நம்முடைய விமர்சனம் ஒரு பொருட்டாக எடுத்துக்கொண்டதில்லை. நாவலைக் கட்டுடைப்போம், கவிதையைக் கட்டுடைப்போம், சினிமாவைக் கிழி கிழியென்று கிழிப்போம். முப்பது பக்கம், பக்கத்துக்கு ரெண்டு வரி, மீதியெல்லாம் படம் என்று இருக்கும் ஒரு புத்தகத்தைக் கண்டால் மட்டும் 'அது பிள்ளைங்க சமாச்சாரம்' என்று ஒதுங்கிவிடுவோம். அதிகாரம் அப்படி ஒதுங்குவதில்லை. எழுத்துக்கூட்டத் தெரிவதற்கு முன்பே யார் அழகு, யார் கோமாளி, யார் வீட்டுக்குள் இருக்க வேண்டியவர், யார் வாசலில் நிற்க வேண்டியவர் என்பதையெல்லாம் பிள்ளை படத்திலிருந்து படித்து முடித்துவிடுகிறது. பள்ளிக்கூடம் பிறகு வந்து எழுத்தை மட்டும்தான் சேர்க்கிறது.

அமெரிக்க ஓவியர் எஸ்ரா ஜாக் கீட்ஸை (1916-1983) இங்கே நான் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான். 1962இல் வைக்கிங் பதிப்பகம் வெளியிட்ட அவருடைய 'தி ஸ்நோயி டே' என்னும் படப் புத்தகத்தில் பீட்டர் என்ற கறுப்பினச் சிறுவன் பனி விழுந்த ஒரு காலையில் தெருவில் விளையாடுகிறான். அவ்வளவுதான் கதை. 1963இல் அமெரிக்கப் படப் புத்தகங்களுக்கான பெரிய விருதான கால்டிகாட் பதக்கம் அதற்குக் கிடைத்தது. கறுப்பினக் குழந்தையை நாயகனாகக் கொண்ட ஒரு புத்தகம் அந்தப் பதக்கத்தைப் பெற்றது அதுதான் முதல் முறை. வரைந்தவர் கறுப்பர் அல்லர். போலந்திலிருந்து குடியேறிய ஏழை யூதப் பெற்றோரின் பிள்ளை.

உடனே கேள்வி வரும்: இவர் எப்படி அவர்களைப் பற்றி வரையலாம்? இந்தக் கேள்விக்கு ரெண்டு தயார் பதில்கள் புழக்கத்தில் இருக்கின்றன. 'கலைஞனுக்கு இனமேது, எல்லாரும் மனுஷங்கதானே' என்பது ஒன்று. 'அவங்கவங்க கதையை அவங்கவங்கதான் சொல்லணும்' என்பது இன்னொன்று. முதலாவது சோம்பேறித்தனம். இரண்டாவது நியாயம், ஆனால் அதோடு நின்றுவிட்டால் புத்தகத்தைத் திறந்து பார்க்காமலேயே தீர்ப்புச் சொல்லிவிடலாம். நான் திறந்து பார்க்க விரும்புகிறேன்.

2

அதற்கு முன்னால் அந்தப் பக்கத்தில் ஏற்கெனவே என்ன இருந்தது என்று பார்த்துவிடலாம். காலிப் பக்கத்தில் யாரும் வரைவதில்லை.

1899இல் லண்டனில் வெளியானது ஹெலன் பானர்மனின் 'லிட்டில் பிளாக் சாம்போ'. பானர்மன் ஸ்காட்லாந்துக்காரர், இந்தியாவில் வெள்ளை அரசின் மருத்துவப் பணியில் இருந்த டாக்டரின் மனைவி. கொடைக்கானலில் பிள்ளைகளை விட்டுவிட்டுச் சென்னைக்குத் திரும்பும் ரயில் பயணத்தில் இந்தக் கதையை உருவாக்கினார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. கதையில் புலிகள் வருகின்றன. மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடி நெய்யாக உருகிவிடுகின்றன. ஆக, புலியும் நெய்யும் நம்ம ஊர்ச் சரக்கு. சிறுவனின் பெயரோ அமெரிக்காவில் கறுப்பர்களை இழிவுபடுத்தப் பயன்பட்ட வசவு. அமெரிக்காவில் வேறு வேறு ஓவியர்கள் படம் போட்ட பதிப்புகள் பெருகின. தடித்த உதடு, பிதுங்கிய கண், பல்லிளிப்பு. காலனியில் ஒரு துரைசானியின் பார்வையில் உருவான 'கறுப்பு' கப்பலேறிப் போய் இன்னொரு கண்டத்தில் அடிமைகளின் பேரப்பிள்ளைகள் தலையில் விழுந்தது. நிறத்தை வரைகிறவர்களுக்கு ஊர் பேதம் கிடையாது.

இதற்கு எதிரான படங்களும் இருந்தன. 1920-21இல் டபிள்யூ.இ.பி. துபாயும் ஜெஸ்ஸி ஃபாசெட்டும் கறுப்பினக் குழந்தைகளுக்காகவே 'தி பிரவுனீஸ் புக்' என்ற மாத இதழை நடத்தினார்கள். ரெண்டு வருஷத்தில் நின்றுபோனது. 1932இல் லாங்ஸ்டன் ஹியூஸும் ஆர்னா பான்டெம்ஸும் எழுதிய 'போப்போ அண்ட் ஃபிஃபினா'வுக்குக் கறுப்பின ஓவியர் இ. சிம்ஸ் கேம்பல் படம் வரைந்தார். 1945இல் வந்த 'டூ இஸ் எ டீம்' புத்தகத்துக்கு எர்னஸ்ட் கிரிச்லோ வரைந்தார், அவரும் கறுப்பினத்தவரே. 'கீட்ஸ்தான் முதல்ல வரைஞ்சார்' என்று வழக்கமாகச் சொல்லும்போது இந்தப் பெயர்கள் எல்லாம் துடைக்கப்பட்டுவிடுகின்றன. விருது தருகிறவர்கள் பார்த்த நாள்தான் வரலாறு தொடங்கிய நாள் என்று எழுதுவது நிறுவனங்களின் பழக்கம். நாமும் அதை ஏன் ஒப்பிக்க வேண்டும்?

3

இப்போது வரைந்தவரைப் பார்ப்போம். பிறந்தது 1916 மார்ச் 11இல், நியூயார்க் புரூக்ளினின் கிழக்குப் பகுதியில். பெயர் ஜேக்கப் எஸ்ரா காட்ஸ். அப்பா கிரீனிச் வில்லேஜில் ஒரு சாதாரணக் காபிக் கடையில் பரிமாறுகிற வேலை. படம் வரைந்தால் சோறு கிடைக்காது என்று மகனைத் திட்டிக்கொண்டே இருந்தவர். அதே அப்பா அவ்வப்போது சாயக் குழல்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, பட்டினி கிடந்த ஓர் ஓவியன் சூப்புக்குப் பதிலாக இதைத் தந்துவிட்டுப் போனான் என்பார். சாயத்தையும் கொடுத்து, கூடவே 'உன் கதியும் இதுதான்' என்ற எச்சரிக்கையையும் கொடுப்பது! ஏழை வீட்டு அப்பாக்களின் அன்பு இப்படித்தான் குறுக்கு வழியில் வரும்.

1935 ஜனவரியில், மகனின் பள்ளி இறுதிப் பட்டமளிப்புக்கு முந்தின நாள், அப்பா மாரடைப்பில் இறந்துபோனார். உடலை அடையாளம் காட்டப் போன பையன் அப்பாவின் பணப்பையைத் திறந்து பார்க்கிறான். உள்ளே மடிப்பு நைந்த பத்திரிகை நறுக்குகள். அத்தனையும் ஓவியத்துக்காக மகன் வாங்கிய பரிசுகளைப் பற்றிய செய்திகள். இந்த நறுக்குகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கலைக் கல்லூரிகளில் உதவித்தொகையுடன் இடம் கிடைத்தும் போக முடியவில்லை. குடும்பத்துக்குச் சம்பாதிக்க வேண்டியிருந்தது. பொருளாதாரப் பெருமந்த காலத்து அரசு வேலைத் திட்டத்தில் சுவரோவியம் வரைந்தார். பிறகு காமிக்ஸ் கம்பெனியில் 'கேப்டன் மார்வல்' கதைகளுக்குப் பின்னணி போட்டார். ராணுவத்தில் சேர்ந்து உருமறைப்பு வடிவங்களைத் தயாரித்தார். சுற்றுப்புறத்தோடு கலந்து, கண்ணில் படாமல் இருப்பது எப்படி என்பதே அங்கே தொழில்.

யுத்தம் முடிந்து வந்தபோது யூதர்களுக்கு வேலை இல்லை என்ற மனோபாவம் அமெரிக்காவில் அப்படியே இருந்தது. 1947இல் சட்டப்படி பெயரை மாற்றிக்கொண்டார். காட்ஸ், கீட்ஸ் ஆனார். யூதப் பெயரின் ஓசையில் பாதியை வைத்துக்கொண்டு, மீதிக்கு ஆங்கிலக் கவிஞன் ஒருவனின் பெயரைப் போர்த்திக்கொண்டார். பெயரை மாற்றிக்கொள்வது என்றால் என்ன, அதில் எவ்வளவு தந்திரம், எவ்வளவு வலி என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

4

1940 மே 13 தேதியிட்ட 'லைஃப்' இதழில் நாலு புகைப்படங்கள் வந்தன. ஜார்ஜியா மாநிலத்தில் ரத்தப் பரிசோதனைக்காக நிறுத்தப்பட்ட ஒரு சின்னக் கறுப்பினப் பையன். கீட்ஸ் அதைக் கத்தரித்து வைத்துக்கொண்டார். சுவரில் மாட்டுவார், எடுத்து வைப்பார், மறுபடி மாட்டுவார். இருபத்திரண்டு வருஷம். அந்தப் பையன்தான் பீட்டர் ஆனான். அப்பா மகனைக் கத்தரித்துப் பையில் வைத்துக்கொண்டார். மகன் யாரோ ஒரு பையனைக் கத்தரித்துச் சுவரில் வைத்துக்கொண்டார்.

இங்கேதான் நான் நிற்க விரும்புகிறேன். ஒரு பக்கம், கீட்ஸ் செய்தது பெரிய காரியம். கறுப்பு உடல் அந்தப் பத்திரிகையில் எதற்காக வந்தது? ஊசிக்காக. மருத்துவமும் அரசும் பத்திரிகையும் சேர்ந்து பார்க்கும் பார்வைக்கு முன்னால் அந்தப் பிள்ளை ஒரு பரிசோதனைப் பொருள். அங்கிருந்து அவனைப் பிய்த்தெடுத்து, சிவப்பு உடுப்பு மாட்டி, யாரும் கண்காணிக்காத ஒரு பனிக்காலைக்குள் விட்டார். பீட்டர் யாருக்கும் எதையும் நிரூபிப்பதில்லை. வெள்ளைப் பையனைக் காப்பாற்றி நல்ல பெயர் வாங்குவதில்லை. குச்சியால் மரத்தைத் தட்டுகிறான், பனி தலையில் விழுகிறது. ஒரு பனிப்பந்தைச் சட்டைப் பையில் பத்திரப்படுத்திக்கொண்டு வீட்டுக்குப் போகிறான். பிறகு பார்த்தால் பை காலி. துக்கம். சும்மா இருப்பதற்கும் அற்ப விஷயத்துக்குத் துக்கப்படுவதற்குமான உரிமை எல்லாக் குழந்தைக்கும் கொடுக்கப்பட்டதில்லை. அந்தப் புத்தகம் பதக்கம் வாங்கிய அதே 1963ஆம் வருஷம் மே மாதத்தில் அலபாமாவின் பர்மிங்ஹாமில் உரிமை கேட்டு ஊர்வலம் போன கறுப்பினப் பிள்ளைகள்மேல் தீயணைப்புக் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சினார்கள், நாய்களை ஏவினார்கள். செப்டம்பரில் அதே ஊரில் ஒரு தேவாலயத்தில் வைத்த குண்டுக்கு நாலு சிறுமிகள் செத்தார்கள். பீட்டரின் விளையாட்டு இந்தச் செய்திகளுக்குப் பக்கத்தில்தான் நடக்கிறது.

இன்னொரு பக்கம், அந்த ஜார்ஜியாப் பையன் யார்? அவன் கச்சாப் பொருள். கத்தரிக்கோல் அவனுடைய முகத்தை எடுத்துக்கொண்டது. ஊரை, பெயரை, அவன் எதற்காக அங்கே நின்றான் என்பதை வெட்டி எறிந்தது. 'பிரதிநிதித்துவம்' என்று நாம் வாய் நிறையச் சொல்கிறோமே, அது எப்போதும் இப்படி ஒரு வெட்டுதலையும் செய்துதான் நடக்கிறது.

வெட்டி ஒட்டுவதே இந்தப் புத்தகத்தின் முறையும்கூட என்பது கவனிக்கத்தக்கது. கீட்ஸ் அதுவரை இப்படிச் செய்ததில்லை. கொஞ்சம் பூப்போட்ட காகிதம் ஒட்டலாம் என்று ஆரம்பித்து, கடைசியில் முழுப் புத்தகமும் ஒட்டுப்படமாகிவிட்டது. அம்மாவின் உடுப்பு, அலமாரித் தட்டில் விரிக்கிற மெழுகுத்துணி. படுக்கை விரிப்பு, ஓவியர்கள் வரையப் பயன்படுத்தும் லினன் துணி. பனித்துளிகள், அழிரப்பரில் வெட்டிய அச்சு. பீட்டர் அறையின் சாம்பல் நிறச் சுவர், பல்துலக்கும் பிரஷ்ஷில் மையைத் தோய்த்துத் தெளித்தது. கலைக் கல்லூரிக்குப் போக முடியாதவனின் கைச்சரக்கு இது. எண்ணெய் வண்ணத்தின் கம்பீரத்துக்குப் பக்கத்தில் மளிகைச் சாமான் மாதிரி இருக்கிறது. அடித்தட்டு வீட்டின் பொருள்களைக் கொண்டே அந்த வீட்டைக் கட்டியிருக்கிறார்.

5

1965 செப்டம்பர் 11இல் 'சாட்டர்டே ரிவ்யூ' இதழில் நான்சி லாரிக் என்ற கல்வியாளர் ஒரு கட்டுரை எழுதினார். குழந்தைப் புத்தகங்களின் உலகம் முழு வெள்ளை உலகம் என்பது அதன் வாதம். 63 பதிப்பாளர்கள் 1962 முதல் 1964 வரை வெளியிட்ட 5,206 புத்தகங்களை எடுத்துக்கொண்டார். எழுத்திலோ படத்திலோ ஒரே ஒரு கறுப்பராவது வருகிற புத்தகங்கள் 349. அதாவது 6.7 சதவீதம். லாரிக் வெள்ளைக்காரப் பெண்மணி. இருந்தாலும் இந்தக் கணக்கு கறுப்பின வாசகர்கள் அதுவரை சொல்லிவந்த குமுறலுக்கு எண் கொடுத்தது.

அந்தக் கட்டுரை கீட்ஸையும் விடவில்லை. ரெண்டு குற்றச்சாட்டு. ஒன்று, பீட்டர் கறுப்பன் என்று புத்தகத்தின் வரிகளில் ஓரிடத்திலும் இல்லை. இரண்டு, பீட்டரின் அம்மா பகட்டான மஞ்சள் கட்டம் போட்ட உடுப்பில் பெருத்த உருவமாக வருகிறாள். வெள்ளைக்காரர் வீட்டு வேலைக்காரியாகக் காலங்காலமாக வரையப்பட்ட அந்தக் குண்டுக் கறுப்புப் பெண்ணை நினைவூட்டுகிறாள்.

கீட்ஸுக்குக் கோபம் வந்தது. அதே இதழுக்கு எழுதிய பதிலில், மூன்றிலிருந்து ஆறு வயதுப் பிள்ளைகளுக்கான புத்தகத்தில் படத்தைப் பார்த்தாலே தெரிகிற நிறத்துக்கு எழுத்தில் வேறு சீட்டு ஒட்ட வேண்டுமா என்று கேட்டார். அப்படியானால் கையில் பட்டையும் கட்டிவிடலாமா என்றும் கேட்டார்.

கைப்பட்டை. இருபது வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் யூதர்கள் கையில் என்ன கட்டப்பட்டிருந்தது என்று தெரிந்த ஒரு யூதனின் வாயிலிருந்துதான் அந்த வார்த்தை வரும். கீட்ஸைப் புரிந்துகொள்ள இது ஒன்று போதும் என்று நினைக்கிறேன். அவரைப் பொறுத்தவரை அடையாளத்தைப் பெயரிட்டுச் சொல்வது போலீஸ் வேலை. பெயரிடப்படாமல் இருப்பதுதான் விடுதலை. தனக்கு அவர் அதைத்தான் செய்துகொண்டார். அதே விடுதலையை பீட்டருக்கும் கொடுத்தார்.

ஆனால் பீட்டருக்கு அது பொருந்துமா? காட்ஸ் கீட்ஸாக மாறலாம். வெள்ளைத் தோலுக்குள் நுழைந்துகொள்ள ஒரு வாசல் உண்டு, அவமானத்தோடாவது. பீட்டர் பெயரை மாற்றினால் என்ன ஆகும்? தோல் கூடவே வரும். யூதனுக்குக் கிடைத்த மௌனம் கறுப்பனுக்குக் கிடைக்காது. பேசாமல் இருந்தால் அவனைப் பற்றி மற்றவர்கள் பேசிவிடுவார்கள், ஏற்கெனவே பேசி வைத்திருக்கிறார்கள். ஆகவே ஒருவருக்குத் தப்பிப்பாக இருந்த பெயரின்மை இன்னொருவருக்கு அழிப்பாக முடிகிறது. ஒடுக்கப்பட்டவர்கள் எல்லாரும் ஒண்ணு என்று கோஷம் போடுகிற நண்பர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். ஒடுக்குமுறைகளுக்கு ஒரே இலக்கணம் கிடையாது.

அம்மா விஷயத்தில் நான் லாரிக்கோடு பாதிதான் உடன்படுகிறேன். ஈரக் காலுறையைக் கழற்றிவிடும் அம்மா, கீழே உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் கண்ணுக்குப் பெரிசாகத்தான் தெரிவாள். யாருக்கும் எடுபிடி வேலை செய்யாமல் சொந்த வீட்டில் சொந்தப் பிள்ளையைக் கவனிக்கிறாள். அந்த மஞ்சள் கட்டம் மெழுகுத்துணியின் கட்டம். இதெல்லாம் சரி. ஆனால் ஒரு பிம்பம் அறுபது எழுபது வருஷம் சோப்புப் பெட்டியிலும் மாவுப் பொட்டலத்திலும் அச்சாகிக் கிடக்கும்போது, அதன் சாயலில் ஒரு கோடு விழுந்தாலும் பழைய பிம்பம் விழித்துக்கொள்ளும். வரைந்தவரின் நல்ல மனசு அதைத் தூங்க வைத்துவிடாது.

6

1971இல் ரே ஷெப்பர்ட் என்ற விமர்சகர் கீட்ஸையும் ஜான் ஸ்டெப்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஸ்டெப்டோ புரூக்ளினைச் சேர்ந்த கறுப்பின இளைஞர். 1969இல் 'ஸ்டீவி' வெளியானபோது அவருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. அந்தக் கதையைச் சொல்லும் பையன் தெருவில் பேசுகிற கறுப்பு ஆங்கிலத்திலேயே சொல்கிறான். திருத்தப்பட்ட இலக்கணம் இல்லை. கீட்ஸ் ஒற்றுமைகளைக் கொண்டாடுகிறார், ஸ்டெப்டோ வேறுபாட்டைக் கொண்டாடுகிறார் என்பது ஷெப்பர்டின் முடிவு. 'ஸ்டீவி' முழுசாக 'லைஃப்' இதழில் மறுபிரசுரமானது. ஆம், அதே 'லைஃப்'தான். 1940இல் பெயரில்லாமல் ரத்தப் பரிசோதனைக்கு நின்ற இடத்தில் 1969இல் ஒரு கறுப்புப் பையன் தன் குரலில் பேசினான். நடுவில் என்ன நடந்தது? தெருவில் ஒரு பெரும் போராட்டம் நடந்தது. எந்தப் படப் புத்தகமும் தனியாக அதைச் சாதிக்கவில்லை.

1982இல் ருடின் சிம்ஸ் தன்னுடைய 'ஷேடோ அண்ட் சப்ஸ்டன்ஸ்' ஆய்வில் கறுப்பர்கள் வரும் குழந்தைப் புத்தகங்களை மூன்றாகப் பிரித்தார். வெள்ளை வாசகரின் மனசாட்சியைத் தட்டுபவை. எல்லாரையும் ஒரே பாத்திரத்தில் போட்டு உருக்கிவிடுபவை. கறுப்புப் பண்பாட்டை உள்ளிருந்து அறிந்து எழுதப்பட்டவை. 'தி ஸ்நோயி டே' இரண்டாம் வகையில் போய் விழுந்தது. பொருத்தமான இடம்தான். சாம்போ கதையில் புலி உருகி நெய்யானது. இங்கே வேறுபாடு உருகிப் பொதுமனிதம் ஆகிறது.

பொருளாதாரக் கணக்கு ஒன்றும் பாக்கி இருக்கிறது. கறுப்பினக் குழந்தையை வரைந்த வெள்ளை ஓவியருக்கு 1963இல் பதக்கம். ஒரு கறுப்பின ஓவியர், லியோ டில்லன், மனைவி டயானோடு சேர்ந்து அதே பதக்கத்தை வாங்க 1976 ஆகிவிட்டது. தனியாக ஒருவர், ஜெர்ரி பிங்க்னி, வாங்கியது 2010இல். கறுப்புப் பிள்ளை பக்கத்துக்குள் வருவதற்கும் கறுப்புக் கை பக்கத்தை வரைவதற்கும் நடுவில் இத்தனை வருஷ இடைவெளி. இது கீட்ஸின் குற்றம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவருடைய நல்லெண்ணத்தை முகப்பில் மாட்டிக்கொண்டு கதவை மெதுவாகத் திறந்த நிறுவனங்களை எதற்கு விட்டுவிட வேண்டும்?

7

இத்தனையும் சொன்ன பிறகும் கீட்ஸை மூடிவைத்துவிட என்னால் முடியவில்லை. காரணம் ரெண்டு.

முதலாவது, அவர் பனியோடு நின்றுவிடவில்லை. முதல் புத்தகத்தில் பனி எல்லாவற்றையும் மூடியிருக்கிறது. நகரத்தின் அழுக்கு, விரிசல், வறுமை எதுவும் தெரியாது. தாராளவாதத்துக்கு இதைவிட வசதியான பருவம் ஏது! அடுத்தடுத்த புத்தகங்களில் பனி கரைகிறது. 1969இல் வந்த 'காகிள்ஸ்' புத்தகத்தில் பீட்டரும் நண்பன் ஆர்ச்சியும் கண்டெடுத்த கண்ணாடியைப் பிடுங்கப் பெரிய பையன்கள் துரத்துகிறார்கள். குப்பை, கிறுக்கப்பட்ட சுவர், இடிபாடு எல்லாம் வந்துவிடுகின்றன. 1971இன் 'அபார்ட்மென்ட் த்ரீ'யில் இருண்ட குடியிருப்பு ஒன்றில் இரண்டு சிறுவர்கள் ஓர் இசையின் சத்தத்தைத் தேடிக் கதவு கதவாகப் போகிறார்கள், வாசிப்பவர் பார்வையற்றவர். கிழிந்த காகிதத்தால் சுவரை ஒட்டத் தெரிந்தவருக்குக் கிழிந்த சுவரை வரையவும் தெரிந்திருந்தது. விமர்சனத்தை அவர் வாயால் மறுத்தார். கை எதையோ கேட்டுக்கொண்டது என்றுதான் நான் படிக்கிறேன்.

இரண்டாவது, வாசிப்பு. 'தி ஸ்நோயி டே' வந்த பிறகு ஓர் ஆசிரியை கீட்ஸுக்குக் கடிதம் எழுதினார். அதுவரை தங்களை வரையச் சொன்னால் ரோஸ் நிறத்தில் வரைந்துகொண்டிருந்த தன் வகுப்புக் கறுப்பினப் பிள்ளைகள் இப்போது பழுப்பு வண்ணக்குச்சியை எடுக்கிறார்கள் என்று. லாரிக்கின் அளவுகோல், சிம்ஸின் வகைப்பாடு, என்னுடைய இந்தக் கட்டுரை எதுவும் அந்தக் குச்சியை எடுத்த கையைத் தள்ளிவிட முடியாது. புத்தகம் சொல்லாமல் விட்ட பெயரைப் பிள்ளைகள் நிறத்தால் எழுதிக்கொண்டார்கள். பிரதி வாய்மூடி இருந்த இடத்தில் வாசகர் பேசிவிட்டார்.

நியூயார்க் பொது நூலகம் 2020இல் தன் வரலாற்றிலேயே அதிகமுறை இரவல் போன புத்தகம் இதுதான் என்று அறிவித்தது: 4,85,583 முறை. நல்ல எண்தான். ஆனால் 2014இல் கிளீவ்லாந்தில் பூங்காவில் பொம்மைத் துப்பாக்கி வைத்து விளையாடிய 12 வயதுக் கறுப்பினச் சிறுவனை வந்திறங்கிய சில நொடிகளில் சுட்ட போலீஸ்காரரும், பீட்டரை வீடு வீடாகப் படித்துக்கொண்டிருந்த அதே நாட்டில்தான் வளர்ந்தவர். விளையாடும் கறுப்புப் பிள்ளையைப் பக்கத்தில் ரசிப்பது வேறு, தெருவில் விட்டுவைப்பது வேறு.

நம்மில் எழுதுகிறவர்களும் வரைகிறவர்களும் இருக்கிறோம். தானல்லாத இன்னொருவரின் பிள்ளையை வரைய நேரும்போது கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் கீட்ஸிடம் இருக்கின்றன. எங்கிருந்து கத்தரிக்கிறோம்? வெட்டி எறிந்தது எதை? எனக்கு இதமாக இருக்கும் மௌனம் அந்தப் பிள்ளைக்கும் இதமா? அதற்கப்புறம், கத்தரிக்கோலை அந்தப் பிள்ளையின் கையில் எப்போது கொடுக்கப்போகிறோம்?